புதிதாக டூட்டிக்கு வரும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட் கசங்காமல் இருக்கணும், ரவுண்ட்ஸுக்கு முன்னால் வார்டில் நிற்கணும், சீனியரிடம் பணிவாகப் பேசணும். தொழில் ஒழுக்கம் என்றால் புது டாக்டர்கள் பெரும்பாலும் இவ்வளவுதான் நினைக்கிறார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி மாதிரி ஊர்களில் ஒரு டாக்டரின் ஒழுக்கம் முதலில் தெரிவது, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அவர் எழுதும் ரெஃபர் சீட்டில்.

பாம்புக்கடி கேஸை மதுரைக்கு அனுப்புகிறீர்கள். ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். சீட்டில் ‘பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு’ என்று மட்டும் இருந்தால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடித்த நேரம், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு ஏற்றியது, 20 நிமிட ரத்த உறைதல் சோதனை என்ன காட்டியது, இமை தொங்குகிறதா, கிளம்பும்போது பிபி எவ்வளவு, இத்தனையும் எழுதணும். நம் கரையில் இன்னொரு கேள்வியும் உண்டு. வலை இழுக்கும்போது கடித்ததா, தரையில் கடித்ததா? இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரித்தது. கடல் பாம்புக்கானது அல்ல. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் சிகிச்சையே தடம் மாறிவிடும்.

கூட வந்தவர்களிடம் ‘மதுரைக்குக் கொண்டு போங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வதும் தப்பு. அவர்கள் கடன் வாங்கிக் கிளம்புகிறார்கள். ஏன் அனுப்புகிறோம், அங்கே என்ன செய்வார்கள் என்று நின்று சொல்லுங்கள். வயதான மீனவரை ‘நீ, வா, போ’ என்று பேசாதீர்கள். ‘ஐயா’ என்று கூப்பிட்டுக் கேட்டால்தான் காயத்தில் வைத்துக் கட்டிய பச்சிலை வரைக்கும் சொல்வார்.

திருக்கை மீனின் முள் குத்திய காலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. முகம் தெரியாவிட்டாலும் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆலோசனைக்கு என்றால் நோயாளியிடம் கேட்டுவிட்டு, சீனியருக்கு மட்டும் அனுப்புங்கள்.

கேஸ் ஷீட்டை ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்று விடாதீர்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கணும். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், சேர்க்கும் நேரத்தையே போடுங்கள்.

ராத்திரி 2 மணிக்குச் சீனியரை எழுப்பத் தயங்கி, தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளிப்பதுதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. திட்டினால் திட்டட்டும். கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.