2 ஜிபிக்குள் அடங்காத வீடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ தொகுப்பு கற்றுக்கொள்ள வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வெட்டுவதையும் ஒட்டுவதையும் பற்றியல்ல. "கோப்பு பெரிதாக இருக்கிறதாம், தளம் ஏற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று விசாரித்தால், ஒரு காலத்தில் நான் செய்த அதே கோளாறுகள் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. இணைப்பு அறுந்தது, தவறான கோப்பைத் தேர்ந்தெடுத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே தெரிந்துவிடும்.

கணக்குப் போடாமல் சுருக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு சொற்பொழிவைப் பதிவு செய்திருந்தேன். 100 நிமிடம், 6 ஜிபி. ஏற்ற வேண்டிய தளத்தின் வரம்பு 2 ஜிபி. மாற்றும் மென்பொருளைத் திறந்து, பார்த்த பட்டியலில் எதையோ தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 3 ஜிபி வந்தது. சரி, ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையைக் குறைப்போம் என்று 1080-ஐ 720 ஆக்கினேன். மறுபடி 3 ஜிபி. 480-க்கு இறக்கினேன். அப்போதும் ஏறக்குறைய 3 ஜிபி. மென்பொருளில் ஏதோ பிழை என்று திட்டினேன்.

பிழை என்னுடையது. கோப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே இரண்டு: பிட்ரேட் (ஒவ்வொரு விநாடிக்கும் செலவாகும் தரவு), ஓடும் நேரம். பிட்ரேட் கட்டத்தில் விநாடிக்கு 4 மெகாபிட் என்று இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. 6,000 விநாடியை 4 ஆல் பெருக்கினால் 24,000 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 3,000 எம்பி. படம் எவ்வளவு சிறிதானாலும் மென்பொருள் அந்த 4 மெகாபிட்டைச் செலவழித்தே தீரும். சொன்னதைத்தான் அது செய்தது.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வரம்பு 2,000 எம்பி என்றால் 16,000 மெகாபிட். அதை 6,000 விநாடியால் வகுத்தால் சுமார் 2.67. தளங்கள் சில ஜிபியை ஆயிரத்தால் எண்ணும், சில 1,024 ஆல் எண்ணும். படத்தையும் ஒலியையும் சேர்த்துவைக்கும் கோப்பின் உறைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலிக்கு 0.128 போனால் படத்துக்குச் சுமார் 2.37 மெகாபிட் மிஞ்சும். ரெசல்யூஷனை முடிவு செய்ய வேண்டியது இதற்குப் பிறகுதான். இந்த பிட்ரேட்டில் ஒருவர் நின்று பேசும் காட்சி 720-இல் நன்றாகவே இருக்கும். அதே பிட்ரேட்டில் 4கே கேட்டால் கட்டம் கட்டமாக உடையும்.

ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் தரத்தை நிலையாக வைக்கும் முறையும் உண்டு, சராசரி பிட்ரேட் முறையும் உண்டு. முதலாவதில் படம் அழகாக வரும், ஆனால் அளவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வரம்பு கண்டிப்பானது என்றால் சராசரி பிட்ரேட்டை எடுத்து, இரண்டு முறை ஓடும்படி வையுங்கள். முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சி கனமானது என்று பார்த்துவைத்து, இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கிடும்.

அன்றைய கூத்து அதோடு முடியவில்லை. ஒவ்வொரு முயற்சியையும் முந்தைய முயற்சியின் கோப்பிலிருந்தே செய்திருந்தேன். சுருக்கியதையே சுருக்கினால் முதல் சுருக்கத்தின் கறைகளையும் படமென்று நினைத்து அடுத்தது பாதுகாக்கும். கரும்பலகையில் எழுதியிருந்த சமன்பாடுகளில் சமக்குறியின் இரண்டு கோடுகள் ஒரே கோடாகியிருந்தன. மூலக் கோப்புக்குப் போகலாம் என்றால், மெமரி கார்டை மறுநாள் படப்பிடிப்புக்காக நானே காலி செய்திருந்தேன்.

மூலத்தை அழிப்பது

ஏற்றிய கோப்பை முழுவதும் ஓட்டிப் பார்க்கும்வரை கூடாது.

உறையை மாற்ற வேண்டிய இடத்தில் படத்தையே மாற்றுவது

எம்கேவி, எம்பி4 என்பவை உறைகள். உள்ளே இருக்கும் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் உறையை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் கருவியில் நகலெடுக்கும் கட்டளை இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்; தரம் துளியும் குறையாது. இது தெரியாமல் 3 ஜிபி கோப்பை இணைய மாற்றியில் ஏற்றி, வரிசையில் காத்திருந்து, மறுபடி இறக்கி, அதைக் கொண்டுபோய் இன்னொரு தளத்தில் ஏற்றுகிறார்கள். ஒரே சுமையை மூன்று முறை தூக்குவது! இலவச மாற்றிகளின் வரம்பு உள்ளே போகும் கோப்புக்கும் உண்டு என்பதைப் பாதி வழியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். உறை மாற்றினால் அளவு குறையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

ஜிப் செய்வது

வீடியோ ஏற்கெனவே சுருங்கியது. குறையாது.

பிட்டும் பைட்டும்

இணைய வேகம் பிட்டில், கோப்பு பைட்டில். 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) பதிவேற்ற வேகத்தில் 4 ஜிபி ஏற, தடையே இல்லாவிட்டாலும் 53 நிமிடம் ஆகும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகத்தைத் தனியாகப் பாருங்கள்.

வரம்பைப் படிக்காமலே பயந்து சுருக்குவது

தேவையே இல்லாமல் சுருக்கும் நேரெதிர்த் தவறும் உண்டு. யூடியூப் 256 ஜிபி அல்லது 12 மணி நேரம், எது குறைவோ அதுவரை ஏற்கும். அங்கே ஏற்றுவதற்காக ஒருவர் தன் 4கே பயணப் படத்தை 300 எம்பிக்கு நசுக்கிவிட்டு, தெளிவு போய்விட்டதே என்று வருந்தினார். அந்தத் தளம் எதைக் கொடுத்தாலும் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும்; எனவே நல்லதாகவே கொடுங்கள். யூடியூபில் சரிபார்க்கப்படாத பயனர் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அங்கே தடுப்பது அளவல்ல, நேரம். எவ்வளவு சுருக்கினாலும் பயனில்லை.

மின்னஞ்சலில் கதை வேறு. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி என்று நம்பி 24 எம்பி கோப்பை இணைத்தால் போய்ச் சேராமலும் போகலாம். இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. 18 எம்பிக்கு மேல் என்றால் இணைப்பை விட்டுவிட்டு, சேமிப்புத் தளத்தின் சுட்டியை அனுப்புங்கள்.

4 ஜிபியில் நிற்கும் பென்டிரைவ்

64 ஜிபி காலியாக இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்கிறதா? பென்டிரைவ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை ஃபேட்32 ஆக இருக்கும்; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். இதே காரணத்தால் பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபித் துண்டுகளாக வெட்டி வைக்கும். முதல் துண்டை மட்டும் ஏற்றிவிட்டு, பேச்சு பாதியில் நின்றுவிட்டது என்று பேச்சாளரிடமே புகார் சொன்னவரும் உண்டு.