அப்பா அம்மா ஃபோன்ல அப்டேட் வந்தப்புறம் என்ன பண்ணணும்

போன தடவை ஒரு பெரிய அப்டேட் முடிஞ்சப்புறம் அம்மா ஃபோன்ல கீழ இருந்த மூணு பட்டன் காணாம போயிடுச்சு, அதாவது பின்னாடி போறது, ஹோம், அப்புறம் அந்த சதுரம். அதுக்கு பதிலா ஓரத்துல இருந்து விரலால தள்ளணும். அம்மாவுக்கு அது தெரியல. அவங்க என்ன பண்ணாங்கன்னா ஒரு வீடியோ பாத்து முடிச்சதும் வெளிய வர வழி தெரியாம ஃபோனையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருக்காங்க, ஒவ்வொரு தடவையும், பதினோரு நாளா. நான் நேர்ல போய் உக்காந்தப்ப என் கண் முன்னாடி பக்கவாட்டு பட்டனை அழுத்தி பிடிச்சுட்டு பொறுமையா காத்துட்டு இருந்தாங்க, என்னம்மா பண்றீங்கன்னு கேட்டப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. ஏன் சொல்லலன்னு கேட்டா, "நான் எதையோ அமுக்கி கெடுத்துட்டேன்னு நெனச்சேன், நீ வேலையா இருப்பே"ன்னாங்க.

அதனால இந்த வேலையில முதல் ஸ்டெப் செட்டிங்ஸ்ல இல்ல. ஃபோன் மாறிப்போச்சுன்னு அவங்க சொன்ன உடனே நீங்க சொல்ல வேண்டியது, "நீங்க எதுவும் பண்ணலம்மா, அப்டேட் வந்து அதுவே மாத்திடுச்சு". இதை சத்தமா, தெளிவா, ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க. "என்னத்த அமுக்குனீங்க"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும், அடுத்த பிரச்சனையை உங்க கிட்ட மறைச்சிடுவாங்க. மறைக்கிற பிரச்சனை ஒரு நாள் பட்டனா இருக்கும், இன்னொரு நாள் பேங்க்ல இருந்து பேசுறேன்னு வந்த ஃபோன் காலா இருக்கும், அதுதான் எனக்கு பயமே.

நமக்கு அப்டேட்னா புது வசதி. அவங்களுக்கு அப்படி இல்ல. நாம ஸ்க்ரீன்ல எழுதியிருக்கிறதை படிச்சு தேடிப்போறோம், அவங்க இடத்தை வெச்சு போறாங்க, கீழ இடது மூலையில பச்சை, மேல ரெண்டாவது வரிசையில மஞ்சள் அப்படின்னு கை பழகியிருக்கும். சமையல்கட்டுல உப்பு டப்பாவை யாரோ இடம் மாத்தி வெச்சா எப்படி இருக்குமோ அப்படி. அதனால அப்டேட்டுக்கு அப்புறம் நம்ம வேலை புதுசா சொல்லிக்குடுக்கிறது இல்ல, எது எதையெல்லாம் பழைய இடத்துக்கு கொண்டு வர முடியுமோ முதல்ல அதை கொண்டு வர்றது, முடியாததை மட்டும் சொல்லிக்குடுக்கிறது.

அதுக்காக அப்டேட்டையே நிறுத்திடலாமான்னா, வேண்டாம். செக்யூரிட்டி அப்டேட் கண்டிப்பா போகணும், அதுலதான் ஓட்டைய அடைக்கிறாங்க, பணம் அனுப்புற ஆப் எல்லாம் இருக்கிற ஃபோன்ல அது இல்லாம விடுறது கதவை தாழ் போடாம தூங்குற மாதிரி. ஆனா வெர்ஷனே மாறுற பெரிய அப்டேட்டை மட்டும் எப்ப போடறதுன்னு நீங்க முடிவு பண்ணலாம். நீங்க பக்கத்துல இருக்கிற நாளா பாருங்க, அவங்க டாக்டர்கிட்ட போறதுக்கோ ஊருக்கு கெளம்புறதுக்கோ முந்தின நாளா இருக்கக்கூடாது.

போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை, அஞ்சு நிமிஷம்தான், ஆனா இதை விட்றாதீங்க. உங்க ஃபோனை எடுத்து அவங்க ஃபோனோட ஸ்க்ரீனை எல்லாம் படம் புடிங்க. ஹோம் ஸ்க்ரீன் ஒவ்வொரு பக்கமும், ஃபோன் ஆப் திறந்தா எப்படி இருக்கு, கால் வரும்போது எப்படி இருக்கு, வாட்ஸப்போட முதல் பக்கம், மேல இருந்து இழுத்தா வர்ற பக்கம். அப்டேட்டுக்கு அப்புறம் "முன்னாடி இங்க ஒண்ணு இருந்துச்சே"ன்னு அவங்க சொல்லும்போது அது எதுன்னு தெரிய வேற வழியே இல்ல. அப்புறம் பேக்கப் ஆகியிருக்கான்னு பாருங்க, இடம் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இடத்தை அடைச்சுட்டு இருக்கிறது வாட்ஸப்ல வந்த வீடியோதான், வாட்ஸப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கத்துல பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா காட்டும், அவங்களை பக்கத்துல வெச்சுக்கிட்டு அவங்க சரின்னு சொன்னதை மட்டும் அழிங்க, பேரப்பிள்ளை படத்தை கேக்காம அழிச்சுட்டா அதுக்கு அப்புறம் ஃபோனை உங்க கையில குடுக்க மாட்டாங்க. சார்ஜ்ல போட்டு வைஃபையில போடுங்க. முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டு நாள் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஃபோன் சூடாகும், உள்ள ஃபைல் எல்லாத்தையும் அது திரும்ப ஒழுங்கு பண்ணிட்டு இருக்கும், அதை அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.

அப்டேட் முடிஞ்சாச்சு. முதல்ல கால், மத்தது எல்லாம் அப்புறம். பக்கத்து ரூமுக்கு போய் அவங்களுக்கு ஒரு கால் போடுங்க, எடுக்க வருதான்னு பாருங்க. கூகுள் ஃபோன் ஆப் இருக்கிற ஆண்ட்ராய்டு ஃபோன்ல 2025 ஆகஸ்ட் வாக்குல டயலரோட, அதாவது நம்பர் போட்டு கால் பண்ற அந்த ஆப்போட, தோற்றமே மாறுச்சு, அது ஃபோன் அப்டேட் கூட இல்ல, வெறும் ஆப் அப்டேட், அதனால ராத்திரி தூங்கி காலையில எழுந்து பாத்தா வேற மாதிரி இருந்துச்சு நிறைய பேருக்கு. ஃபேவரைட்டும் கால் ஹிஸ்டரியும் ஒரே பக்கமா ஹோம்னு ஆயிடுச்சு, கால் வந்தா மேல தள்ளி எடுக்கிறது போயி பக்கவாட்டுல தள்ளுற மாதிரி ஆச்சு. இதுல நல்ல விஷயம், அந்த ஆப்போட செட்டிங்ஸ்குள்ள இன்கமிங் கால் ஜெஸ்சர்னு ஒண்ணு இருக்கு, அதுல சிங்கிள் டேப் வெச்சுட்டா ஒரு தட்டு தட்டினாலே எடுக்கலாம். விரல் நடுங்குறவங்களுக்கு தள்ளுறதை விட தட்டுறது எவ்வளவோ சுலபம். ஆனா ஒண்ணு, பாக்கெட்ல இருந்து எடுக்கும்போது தெரியாம பட்டுடும்னா தள்ளுறதே இருக்கட்டும், அவங்க எப்படி ஃபோனை வெச்சுக்கிறாங்கன்னு ரெண்டு நாள் கவனிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது அந்த மூணு பட்டன். செட்டிங்ஸ்ல மேல தேடுற இடத்துல நேவிகேஷன்னு அடிச்சா வரும், மூணு பட்டன் முறையை தேர்ந்தெடுத்தா பழையபடி வந்துடும். எங்க அம்மாவுக்கு இது செஞ்சு குடுத்ததும் கீழ வந்த அந்த முக்கோணத்தை விரலால தொட்டு பாத்து "இது இங்கதான் இருந்துச்சா"ன்னாங்க, அவ்வளவுதான், பதினோரு நாள் கஷ்டம் முப்பது செகண்ட்ல தீந்துடுச்சு.

சாம்சங் வெச்சிருந்தா ஒன் யூஐ 7, அதாவது சாம்சங் ஃபோனோட சாஃப்ட்வேர் வெர்ஷன், வந்ததுல இருந்து மேல இருந்து இழுக்கிறது ரெண்டா பிரிஞ்சிடுச்சு. வலது ஓரத்துல இருந்து இழுத்தா வைஃபை டார்ச் எல்லாம், மத்த இடத்துல இழுத்தா நோட்டிஃபிகேஷன். இதனாலதான் "டார்ச் காணோம்"னு சொல்வாங்க. வலது பக்கம் இழுத்து, பென்சில் படத்தை தட்டி, பேனல் செட்டிங்ஸ் போய் டுகெதர் வெச்சா பழையபடி ஒண்ணாயிடும். ஈஸி மோட்னும் ஒண்ணு இருக்கு சாம்சங்ல, ஐகான் எழுத்து எல்லாம் பெருசாகும். ஆனா ஏற்கனவே ஒரு இடத்துக்கு பழகுனவங்களுக்கு அதை திடீர்னு போட்டா அதுவே இன்னொரு அப்டேட் மாதிரி ஆயிடும், புது ஃபோன் வாங்குற அன்னைக்கு போடுறதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன்.

ஐஃபோனை ஓட்டுற சாஃப்ட்வேர் ஐஓஎஸ்ல 18க்கு அப்புறம் நேரா 26க்கு போயிட்டாங்க, 2025 செப்டம்பர்ல. நடுவுல எதையும் விடல, வருஷத்தை வெச்சு நம்பர் குடுக்க ஆரம்பிச்சாங்க, இதை சொல்லிடுங்க, இல்லன்னா "ஏழு அப்டேட் நான் போடாம விட்டுட்டேனா"ன்னு கவலைப்படுவாங்க. அதுல வந்த கண்ணாடி மாதிரியான தோற்றம் கண் புரை இருக்கிறவங்களுக்கு படிக்க கஷ்டம். அக்சஸிபிலிட்டிக்குள்ள டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் போயி ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி போடுங்க, எழுத்துக்கு பின்னாடி திடமான கலர் வந்துடும். 26.1 வந்ததுக்கு அப்புறம் டிஸ்ப்ளே பக்கத்துலயே லிக்விட் கிளாஸ்னு இருக்கு, அதுல டின்டட் வெச்சாலும் பரவாயில்லாம இருக்கும். ஃபோன் ஆப்ல மேல இருக்கிற ஃபில்டர் பட்டன்ல கிளாசிக்னு மாத்தினா பழைய லேஅவுட்.

அதே 26.1ல அலாரமும் மாறுச்சு. ஒரு தட்டு தட்டி நிறுத்திட்டு இருந்ததை தள்ளி நிறுத்துற மாதிரி பண்ணிட்டாங்க. மாத்திரை நேரத்துக்கு அலாரம் வெச்சிருக்கிறவங்க தட்டி தட்டி பாத்துட்டு நிக்கலன்னு பதட்டப்படுவாங்க, அப்புறம் அலாரமே வேண்டாம்னு எடுத்துடுவாங்க, அதோட மாத்திரையும் போச்சு. அக்சஸிபிலிட்டியில டச் பக்கத்துல ப்ரிஃபர் சிங்கிள் டச் ஆக்ஷன்ஸ் ஆன் பண்ணா தட்டினாலே நிக்கும். தெரியாத நம்பரை வடிகட்டுற வசதி வந்திருக்கே, அதையும் ஒரு தடவை பாருங்க. மோசடி காலுக்கு நல்லதுதான், ஆனா கான்டாக்ட்ல இல்லாத நம்பரை சைலன்ஸ்ல வெச்சுட்டா ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்காது. டாக்டர், லேப், பக்கத்து வீடு எல்லா நம்பரையும் முதல்ல சேவ் பண்ணிட்டு அப்புறம் அதை தொடுங்க.

வீட்ல பழைய கம்ப்யூட்டர் இருந்தா விண்டோஸ் 10ஆ பாருங்க. அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனா ஓட்டை அடைக்கிற அப்டேட் தானா வராது. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்ல சேர்ற வழி இருக்கும், இந்த திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு அறிவிச்சிருந்தாங்க. விண்டோஸ் 11க்கு மாறணும்னா டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும், பழைய மெஷின் பலதுல ஒத்துவராது. மாறிட்டா ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு போயிடும், டாஸ்க்பார் செட்டிங்ஸ்ல அலைன்மென்ட்டை லெஃப்ட் வைங்க, அப்பா கேக்கிற முதல் கேள்வியே அதுவாதான் இருக்கும்.

தூரத்துல இருந்து உதவுறவங்களுக்கு. ஃபோன்லயே வார்த்தையில சொல்லி புரிய வைக்கப் பாத்தா ரெண்டு பேருக்கும் கோவம்தான் வரும், ஏன்னா "மேல மூணு புள்ளி இருக்கா"ன்னு நீங்க கேக்கும்போது அவங்க ஃபோனை காதுல வெச்சிருப்பாங்க. வாட்ஸப் வீடியோ கால்ல ஸ்க்ரீன் ஷேர் இருக்கு, அதுல பாத்து சொல்லலாம். ஐஃபோன்ல ஐஓஎஸ் 18ல இருந்து ஃபேஸ்டைம்ல அவங்க அனுமதி குடுத்தா நீங்களே இயக்கலாம். விண்டோஸ்ல கன்ட்ரோல், விண்டோஸ் பட்டன், கியூ மூணையும் சேத்து அமுக்கினா குவிக் அசிஸ்ட் வரும், நீங்க ஒரு கோட் குடுத்து அவங்க அடிச்சா அவங்க ஸ்க்ரீன் உங்களுக்கு தெரியும்.

ஆனா இதே ஸ்க்ரீன் ஷேரைத்தான் மோசடிக்காரனும் கேப்பான். "சார் உங்க ஆப் அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி அக்கவுண்ட் பிளாக் ஆயிடும், ஒரு லிங்க் அனுப்புறேன்"னு ஆரம்பிப்பான், வாட்ஸப்ல ஒரு ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப்பை ஏத்துற ஃபைல், வரும், இல்லன்னா ஸ்க்ரீனை காட்ட சொல்லுவான், காட்டிட்டா வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் தெரியும். அதனால வீட்ல ஒரே ஒரு விதி போடுங்க, அப்டேட்னு யாரு ஃபோன் பண்ணி சொன்னாலும் அது பொய். அப்டேட் ஃபோன் செட்டிங்ஸ்ல வரும், பிளே ஸ்டோர்லயோ ஆப் ஸ்டோர்லயோ வரும், ஆளு கூப்பிட்டு சொல்ல மாட்டான். ஸ்க்ரீன் ஷேர் நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும், அதுவும் அவங்க நமக்கு கால் போட்டா மட்டும், நாம கேட்டாக்கூட ஒரு தடவை கட் பண்ணிட்டு நம்ம நம்பருக்கு திருப்பி கூப்பிடணும். வாட்ஸப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு அந்த ஆறு இலக்க நம்பரை அவங்களே தேர்ந்தெடுக்கட்டும், வீட்ல ஒரு நோட்டுல எழுதி வைக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கிற நோட்டு மேல எனக்கு பயம் இல்ல, எல்லா இடத்துலயும் ஒரே பாஸ்வேர்டு வைக்கிறதுதான் ஆபத்து.

சொல்லிக்குடுக்கும்போது ஃபோன் அவங்க கையில இருக்கட்டும். நீங்க வாங்கி டக்கு டக்குனு அமுக்கி குடுத்தா வேலை முடியும், ஆனா அவங்களுக்கு ஒண்ணும் ஏறாது. உங்க கையை மடியில வெச்சுக்கோங்க, நெஜமாவே சொல்றேன், இல்லன்னா கை தானா நீளும். அவங்க தேடுற அந்த பத்து செகண்டை பொறுத்துக்கோங்க. ஒரு நாளைக்கு ஒரே விஷயம்தான், அதை மூணு தடவை அவங்களே செய்யணும்.

அப்புறம் ஒரு பேப்பர். அதை அவங்க கையெழுத்துல, அவங்க வார்த்தையில எழுத சொல்லுங்க. நாம "செட்டிங்ஸ் ஓப்பன் செய்யவும்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல. எங்க அம்மா எழுதினது இப்படி இருக்கு: "பல்சக்கரம். அதுல பூதக்கண்ணாடி. எழுத்து பெருசு வேணும்னா அங்க தேடு. தெரியலன்னா விட்டுட்டு வட்டத்தை அமுக்கு, ஒண்ணும் ஆகாது." அந்த கடைசி வரியை நான் சொல்லவே இல்ல, அவங்களே எழுதிக்கிட்டாங்க. அந்த பேப்பரை ஃபோன் கவருக்குள்ள மடிச்சு வெச்சிருக்காங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி கால் எடுக்கிறது, கால் பண்றது, போட்டோ அனுப்புறது, அலாரம் நிறுத்துறது நாலையும் அவங்களே ஒரு தடவை உங்க முன்னாடி செஞ்சு பாக்கட்டும். பேங்க் ஆப் ஒரு சில அப்டேட்டுக்கு அப்புறம் திரும்ப லாகின் கேக்கும், அதையும் அப்பவே திறந்து பாத்துடுங்க. மூணாவது நாள் நீங்களே ஒரு கால் போட்டு, ஃபோன் எப்படி இருக்குன்னு பொதுவா கேக்காம, "எது கைக்கு வரமாட்டேங்குது"ன்னு கேளுங்க.