கஞ்சாவுக்கு வரி போட்டா அரசுக்கு எவ்வளவு வரும்? ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைங்களுக்கு

எங்கிட்ட எம்.ஏ. எகனாமிக்ஸ் ப்ராஜெக்ட் பண்ண ஒரு தம்பி, உசிலம்பட்டி பக்கம், முதல் நாள் கொண்டுவந்த நோட்டுல ஒரே ஒரு கணக்குதான் இருந்துச்சு. தமிழ்நாட்டு ஜனத்தொகை 7.21 கோடி, அதுல 2.8 சதவீதம் பேர், ஆளுக்கு மாசம் இவ்வளவு ரூபா, அதுல பாதி வரி. பெருக்கி வந்த தொகைக்கு கீழ ரெண்டு கோடு போட்டு வச்சிருந்தான். இந்த தப்ப நிறைய பேர் பண்றாய்ங்க, அதனாலதான் எழுதுறேன்.

மொதல்ல அந்த 2.8 எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. 2019ல எய்ம்ஸ் மூலமா மத்திய அரசு வெளியிட்ட சர்வேயில இருக்கு, ஆனா அது இந்தியா முழுக்க, அதுவும் 10 வயசுலருந்து 75 வரைக்கும், அதுக்குள்ள பாங்கும் சேர்ந்திருக்கு. வெறும் இலையில செய்யுற பாங்கு 1985 போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயே வராது. கஞ்சா, சரஸ் (கஞ்சா பிசின்) மட்டும் எடுத்தா 1.2 சதவீதம்தான். ஒரு நம்பர மாத்துனதுக்கே பாதிக்கு மேல போச்சு பாத்தீங்களா.

நம்ம நாட்டுல இப்ப இதுக்கு சட்டத்துல வழியில்ல, அதனால நெஜமா வரி வாங்குன ஒரு மாநிலத்த எடுத்துக்கங்க. என் சாய்ஸ் அமெரிக்காவுல உள்ள கொலராடோ. 2012ல ஓட்டுப்போட்டு 2014 ஜனவரி 1ல கடை திறந்தாய்ங்க, வரி வசூல அவங்க வருவாய்த்துறை மாசாமாசம் வெளியிடுது. மருத்துவ கஞ்சாவையும் மத்ததையும் டேபிள்ல தனித்தனி காலம் (column) போட்டு எழுதுங்க. மருத்துவ கார்டு வச்சிருக்கவங்க 2.9 சதவீத விற்பனை வரிதான் கட்டுறாங்க, மத்தவங்களுக்கு கடையில மட்டும் 15 சதவீதம், மொத்த விற்பனையில இன்னொரு 15. அதனால கார்டு உள்ள எல்லாரும் வரி கூடுன மத்த கடைப்பக்கம் வந்துருவாங்கன்னு எழுதாதீங்க.

அடுத்து எத்தனை தலைன்னு எண்ணாதீங்க, எத்தனை கிராம் எடைன்னு எண்ணுங்க. 2014ல கொலராடோ அரசே பண்ணச் சொன்ன ஆய்வுல அந்த மாநிலத்தோட தேவை வருஷத்துக்கு சுமார் 130 டன்னு வந்துச்சு, அதுல தினமும் பிடிக்கிற அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்கதான் மூணுல ரெண்டு பங்க பிடிக்கிறாங்க. எப்பயாச்சும் பிடிக்கிறவங்க எத்தனை பேர் கூடுனாலும் வரி பெருசா கூடாது. இத எழுதும்போது எனக்கு மனசு கனக்கும், ஏன்னா அரசுக்கு வர்ற காசுல பெரும்பகுதி தினமும் அது இல்லாம இருக்க முடியாத ஆளோட பையிலருந்து வருது. அத உங்க ரிப்போர்ட்ல ஒரு பத்தியாவது எழுதணும், ஒளிக்கக்கூடாது.

இப்ப முக்கியமான எடம், வரிய எதுமேல போடுறீங்க. அந்த தம்பிக்கு இது வகுப்புல புரியல, காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போனேன். முகூர்த்த நாள்ல ஆயிரக்கணக்குல போற அதே மல்லி, வரத்து கூடுன நாள்ல சில நூறு ரூபாய்க்கு எடை போட்டுட்டு இருந்தாங்க. "விலையில 15 சதவீதம் வரின்னா இன்னைக்கு உனக்கு என்ன வரும், கிலோவுக்கு இவ்வளவுன்னு வச்சிருந்தா என்ன வரும்"னு கேட்டேன். தராசையே பாத்துட்டு நின்னான், அப்புறம் "சார் புரிஞ்சிருச்சு"ன்னான். கஞ்சாவும் அப்படித்தான், சட்டம் வந்து பயிர் பெருகுனா விலை விழும். கொலராடோவுல எல்லா கஞ்சா வரியும் கட்டணமும் சேர்த்து 2014ல சுமார் 6.8 கோடி டாலர், 2021ல 42 கோடி, 2022ல 32 கோடி, 2023ல 27 கோடி. அலாஸ்காவுல கஞ்சா பூவுக்கு அவுன்ஸுக்கு 50 டாலர்னு எடைமேல வச்சாங்க, விலை பாதியானாலும் அந்த 50 குறையாது, ஆனா கடைக்காரனுக்கு அது பாரமா போயிரும். இல்லினாய்ஸ்ல போதைச்சத்து 35 சதவீதத்துக்கு மேல இருந்தா 25 சதவீதம், கீழன்னா 10. மூணையும் வச்சு உங்க மாநிலத்துக்கு ஒரு தடவ போட்டுப்பாருங்க.

கள்ளச்சந்தை முழுசா கடைக்கு வந்துரும்னு வைக்கவே வைக்காதீங்க. கலிபோர்னியாவுல 2018ல கடை திறந்தாய்ங்க, 15 சதவீத கடை வரியோட பயிர் வரி, ஊர் வரி எல்லாம் சேர்ந்துச்சு, நிறைய ஊர்ல கடைக்கே அனுமதி குடுக்கல, கள்ள யாவாரம் ஒழியாம அப்படியே நடந்துச்சு, கடைசியில 2022 ஜூலையில பயிர் வரிய எடுத்தாங்க. நீங்க 30, 50, 70 சதவீதம் கடைக்கு வரும்னு மூணு கணக்கு போடுங்க. சாராய வருமானம் கொஞ்சம் குறையுமான்னும் பாக்கணும், செலவ தனி காலம் (column) போட்டு எழுதணும், லைசென்ஸ் ஆபீஸ், லேப் டெஸ்ட், ஆஸ்பத்திரி எல்லாம்.

பழைய விஷயம் வேணும்னா 1893-94 இந்தியன் ஹெம்ப் ட்ரக்ஸ் கமிஷன் அறிக்கைய கட்டாயம் படிங்க, முழுசா தடை பண்ண வேணாம், லைசென்ஸும் வரியும் போட்டு கட்டுப்படுத்துங்கன்னு அப்பவே எழுதியிருக்காங்க.

அந்த தம்பி கடைசியில ஒத்த நம்பர எடுத்துட்டு ஒன்பது கட்டம் போட்ட டேபிள் வச்சான், பக்கவாட்டுல விலை, மேல கடைக்கு வர்ற சதவீதம். வைவாவுல வந்தவர் மொத கேள்வியே விலை பாதியா விழுந்தா என்னாகும்னுதான் கேட்டார், அவன் பேசாம அந்த பக்கத்த திருப்பி அவர் முன்னாடி வச்சான்.