கூத்து மேடையிலிருந்து சீரியலுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக் கலைஞர்கள் தயாராவது எப்படி?

பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் கூத்திலோ நாடகத்திலோ வேஷம் கட்டிப் பழகியவருக்கு நடிப்பைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பாட்டையும் அடவையும் வைத்து வளர்ந்தவர் கேமரா முன்னால் முதலில் சிக்கிக்கொள்வது சத்தத்தில்தான்.

மேடையில் கடைசி வரிசைப் பாயில் படுத்திருக்கும் பாட்டிக்கும் கேட்க வேண்டும். செட்டில் மைக் கழுத்துக்கு ஒரு சாண் கீழே, சட்டைக்குள் இருக்கும். பழைய வீச்சில் பேசினால் ஒலி உடையும். பின்னால் டப்பிங் பேசுகிற தொடர் என்றாலும் தப்பிக்க முடியாது. கழுத்து நரம்பு புடைப்பது க்ளோசப்பில் கோபமாகத் தெரியாது, சிரிப்பாகத் தெரியும். சரி, குறைத்துப் பேசுங்கள் என்றால் பலர் சத்தத்தோடு உயிரையும் குறைத்துவிடுகிறார்கள். கர்ண மோட்சக் கூத்தில் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் பேசும் பகுதி தெரியும் அல்லவா? அதை முதலில் மேடைக் குரலில் சொல்லுங்கள். அடுத்து, திண்ணையில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல. மூன்றாம் முறை, தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு. மூன்றையும் செல்போனில் பதிந்து, சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். மூன்றாவதிலும் கண் முதலாவதைப் போலவே பேசினால் தேறிவிட்டீர்கள்.

இசை நாடகக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடிக்க, வசனத்தின் கடைசி எழுத்தை இழுப்பார்கள். அதை ஏந்திக்கொள்ள ஆர்மோனியம் இல்லாத செட்டில் அந்த இழுவை அந்தரத்தில் தொங்கும். வாக்கியத்தைக் கீழே இறக்கி முடித்துப் பழகுங்கள்.

அடுத்தது பிராம்ப்டிங். அரை மணி நேர எபிசோடில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடக் காட்சி வேண்டும். வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட். சீன் பேப்பர் பெரும்பாலும் அன்று காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடத்துக்கு நேரமில்லாததால், உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வரிவரியாக வாசிக்க, நடிகர் வாங்கிப் பேசுவார். வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்கப் பாடியவருக்கு இது பாதி தெரிந்த வித்தை. தெரியாத பாதி எது என்றால், கூத்தில் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போது மூச்சு விடலாம். இங்கே அந்த இடைவெளியிலும் முகம் பாத்திரத்திலேயே இருக்க வேண்டும். காது வாசிப்பவரிடம் போனதும் கண்ணும் கூடவே ஓடும். புதியவர்களின் ஷாட் அதிகம் வீணாவது இதனால்தான்.

வீட்டில் ஒருவர் நாளிதழ்ப் பத்தியை ஆறேழு சொல்லாக உடைத்து வாசிக்கட்டும். நீங்கள் சுவரில் ஒட்டிய பொட்டை மட்டும் பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். தினம் 15 நிமிடம். இரண்டு வாரம் போனதும், நீங்கள் பேசி முடிப்பதற்குள் அடுத்த துண்டை அவர் ஆரம்பிக்கட்டும். ஒலியை நேரடியாகப் பதிவுசெய்யும் தொடர்களில் பிராம்ப்டிங் எடுபடாது, அங்கே மனப்பாடம்தான். வள்ளி திருமணத்தில் விடிய விடியத் தர்க்கம் பேசியவர்கள் அதற்கும் அஞ்ச வேண்டாம்.

கூத்துக்காரருக்கு வரமாக அமைவது, வசனமில்லாமல் முகத்தால் மட்டும் பதில் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட். தாளத்தை முடிக்கும் தீர்மானம் விழுந்ததும் அசையாமல் நிற்பீர்களே, அதே நிலைதான். வசனம் முடிந்தபின் 'கட்' கேட்கும்வரை நான்கைந்து விநாடி முகத்தைக் கலைக்காதீர்கள். பின்னணி இசை ஏறுவது அந்த இடத்தில்தான். புருவத்தை ஒருமுறை தூக்கினால் போதும், கையைத் தூக்காதீர்கள். க்ளோசில் விரல் நுனி மட்டும் ஓரத்தில் வந்துபோகும்.

வாய்ப்புக்கு அனுப்பும் வீடியோ ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிக் காட்டல். பிறகு ஒரு கோபம், ஒரு துக்கம். முத்துவெள்ளை முகப்பூச்சும் கிரீடமும் புஜக்கட்டையுமாக இருக்கும் படத்தை முதலில் வைக்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அதில் உங்கள் முகம் தெரியாது. பாட்டு கடைசி பத்து விநாடி போதும்.

மொழிகள் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பலருக்குத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சு. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 260 கிலோமீட்டர், பெங்களூரு 90தான். கன்னடத் தொடர்கள் அங்கே எடுக்கப்படுகின்றன. சென்னையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது நம் ஆட்களின் பெரிய பிழை என்பது எங்கள் கணிப்பு.

சென்னை என்றால் கிருஷ்ணகிரிக்காரர் பேருந்தில் பூந்தமல்லியில் இறங்கிக்கொள்ளலாம். போரூர், வளசரவாக்கம், சாலிகிராமம் எல்லாம் அந்த வழியில்தான். தருமபுரிக்காரருக்கு மொரப்பூரில் இரவு ரயில் வசதி. இறங்கியதும் நேரே செட்டுக்குப் போய் நிற்காதீர்கள். முந்தின நாளே வந்துவிடுங்கள், இரவு தூங்கி எழுந்த முகம் வேண்டும்.

வாய்ப்புத் தருகிறேன், அடையாள அட்டை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் அப்போதே பேச்சை நிறுத்துங்கள். நடிகருக்குக் கம்பெனிதான் பணம் தரும். சங்க உறுப்பினர் விவரத்தைச் சின்னத்திரை நடிகர் சங்கத்திலேயே நேரில் கேளுங்கள், இடைத்தரகர் தேவையில்லை. சம்பளம் நாள் கணக்கு, ஆனால் கூத்தைப்போல விடிந்ததும் கைக்கு வராது. தேதி, தொடர், சீன் எண், வந்த நேரம், போன நேரம் ஐந்தையும் ஒரு டைரியில் எழுதி வையுங்கள். பேட்டா உண்டா, பயணச் செலவு யாருடையது என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள். வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருப்பவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பான் கார்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பெரிய மோதல் பங்குனியில் தொடங்கும். பாரதக் கூத்துக்கு மாதக் கணக்கில் முன்பே தேதி கொடுத்திருப்பீர்கள். கால்ஷீட் அழைப்போ ஓரிரு நாளுக்கு முன்னால் வரும். கோயிலுக்குக் கொடுத்த தேதிகளை ஒப்பந்தப் பேச்சிலேயே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மீசையும் அப்படித்தான். தொடரில் மீசையோடு ஒரு சீன் போய்விட்டால், ஸ்திரீ வேஷத்துக்காக அதை எடுக்க முடியாது. ஒட்டு மீசை க்ளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும். சீசனில் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் மீசையில்லாமலே தேர்வுக்குப் போவது நல்லது.

சீரியல் கிடைத்தபிறகும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் பதிவை விட்டுவிடாதீர்கள். இரு மாவட்டத்தாருக்கும் அதற்குப் போக வேண்டிய இடம் சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையம். வாத்தியாரின் சான்றையும் நிகழ்ச்சிப் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.