கண்ணாடிப் புட்டியைக் குப்பையில் போடும் முன்

ஊறுகாய், தேன், ஜாம் வந்த கண்ணாடிப் புட்டிகளில் மசாலாப் பொடியும் பருப்பும் போட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். கண்ணாடி மணத்தை உறிஞ்சுவதில்லை. பழைய வாடை பெரும்பாலும் மூடியின் உட்புற வளையத்தில்தான் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் தனியே கழுவி வெயிலில் நன்கு காய வைக்க வேண்டும். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்த பின் எஞ்சும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்துச் சமையல் சோடாவால் தேய்த்தால் அகன்றுவிடும்.

குளிர்ந்த புட்டியில் கொதிநீரை நேரடியாக ஊற்றாதீர்கள். இவ்வகைக் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் புட்டியை மூழ்க வைத்து, தண்ணீரோடு சேர்த்தே சூடேற்றி 10 நிமிடங்கள் கொதிக்க விடுவதே பாதுகாப்பானது.

மிஞ்சியவற்றைப் பழைய பொருள் கடையில் கொடுக்கலாம். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறைவதில்லை. உலையில் 10 விழுக்காடு உடைந்த கண்ணாடியைச் சேர்த்தால் ஆற்றல் செலவு ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் கணக்கு. ஆனால் பீங்கான், முகம் பார்க்கும் கண்ணாடி, வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் பாத்திரம் ஆகியவற்றைப் புட்டிகளோடு கலக்கக் கூடாது; போரோசிலிகேட் உருகும் வெப்பநிலையே வேறு.

உடைந்த சில்லுகளைச் செய்தித்தாளில் பல மடிப்பாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் இட்டு, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.