ரிங்லெட் குளிர்ல நாட்டுக்கோழிய எப்படிப் பாத்துக்கிறது

கீழ தாப்பாவுலருந்து கல்யாணம் கட்டி மலேசியாவுல கேமரன் மலையில இருக்குற ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மொத வருசம், நவம்பர் மழை ஆரம்பிச்சதும் ஐயோ கோழிங்களுக்குக் குளிருமேன்னு கொட்டாயச் சுத்தி நாலு பக்கமும் கன்வாஸ் கட்டி ஒரு ஓட்டை விடாம அடைச்சிட்டேன். ரெண்டு வாரத்துல ஒவ்வொண்ணா தும்ம ஆரம்பிச்சு, கண்ணுல நுரை தள்ளி, நல்லா முட்டை போட்டுக்கிட்டிருந்த ரெண்டு பெட்டை செத்துப் போச்சு. மாமியார் வந்து கன்வாஸத் தூக்கிப் பாத்துட்டு, "குளிரு இல்லம்மா, எச்ச நாத்தத்துல மூச்சு முட்டிப் போச்சு"ன்னாங்க. அன்னைக்கு ரொம்ப அழுதேன், அதான் புதுசா கோழி வாங்குறவங்க யாரும் அப்படிச் செஞ்சிடக் கூடாதுன்னு எழுதுறேன்.

வளந்த கோழிக்கு ஒடம்புச் சூடு 41 டிகிரி கிட்ட இருக்கும், இறகச் சிலுப்பிக்கிட்டு உக்காந்துச்சுன்னா உள்ள காத்து நின்னு கம்பளி போத்துன மாதிரி ஆயிடும். இங்க ராத்திரி 16, 17 டிகிரி சாதாரணம். கேமரன் மலையில 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரைக்கும் எறங்குச்சு, மலேசியாவுல பதிவானதுலயே அதுதான் கொறச்சல், அதையே கூட இறகு முழுசா இருக்குற, நனையாத கோழி தாங்கும். ஆனா இறகு நனைஞ்சிட்டா காத்து நிக்காது, அப்புறம் 20 டிகிரியே அதுக்கு ஆபத்து. அதனால நீங்க பயப்பட வேண்டியது ஈரத்துக்கும், நேரா மேல அடிக்கிற வாடைக்காத்துக்கும்தான்.

காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மட்டும் கோழி உக்காந்தா தலை இருக்குற ஒசரத்துக்கு மேல வரைக்கும் கன்வாஸ் இல்ல பலகை அடிங்க, ஜிங் தகரக் கூரைக்குக் கீழ ஒரு சாண் தொறந்தே இருக்கட்டும், அந்த வழியாத்தான் எச்சத்துலருந்து வர்ற அமோனியாவும் கோழிங்க விடுற மூச்சு ஈரமும் வெளிய போவும். தொறந்த எடத்துல கம்பி வலை கட்டாயம், இல்லாட்டி மூசாங், அதான் மரநாய், வந்துரும். காலையில நீங்களே கொட்டாய்க்குள்ள குந்திப் பாருங்க, கோழி ஒசரத்துல மூக்கு எரிஞ்சா அன்னைக்கே கீழ இருக்கறத மாத்தணும்.

தரைக்கு நாங்க தச்சுப் பட்டறையில கெடைக்கிற மரச்சீவல் போடுறோம், நாலு வெரக்கட கனம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிங்க, உருண்டையா நின்னுச்சுன்னா ஈரம் அதிகம், உதிந்துச்சுன்னா சரி. தண்ணிப் பாத்திரத்தச் சுத்தித்தான் எப்பவும் சொதசொதன்னு ஆவும், அதக் கூரை இருக்குற வெளிப்பக்கம் வெச்சிட்டா பாதிப் பிரச்சன தீந்துச்சு. ராத்திரி உக்கார 2க்கு 4 இஞ்சுப் பலகை, அகலமான பக்கம் மேல பாக்கணும், அப்பத்தான் கால் வெரல் மேல நெஞ்சு இறக வெச்சு மூடிக்கும். கொண்டைக்கு வாசலின் தடவச் சொல்ற வெளிநாட்டு வீடியோ பாத்து பயப்படாதீங்க, அது தண்ணியே உறையிற ஊருக்கு.

குஞ்சு கதை வேற. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு மொத வாரம் 32லருந்து 35 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி கொறச்சிக்கிட்டே வரலாம், அஞ்சாறு வாரத்துல இறகு முழுசா வந்துரும். எல்.இ.டி பல்ப் சூடு தராது, குண்டு பல்ப் இல்ல சூட்டுக்குன்னே விக்கிற பல்ப் வாங்குங்க, வயர நம்பித் தொங்க விடாம சங்கிலியில கட்டுங்க, மரச்சீவல்ல விழுந்தா தீப்பிடிச்சிரும், நம்ம வரிசை வீட்டுல ஒரு கொட்டாய் எரிஞ்சா பக்கத்து வீடும் போச்சு. சூடு போதுமான்னு குஞ்சுங்களே காட்டும், பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா குளிருது, ஓரத்துல ஒதுங்கி வாயத் தொறந்தா சூடு அதிகம்.

குளிர்ல தீனி கொஞ்சம் கூடுதலா திங்கும். கொட்டாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி சாயங்காலம் கொஞ்சம் ஒடச்ச சோளம் குடுத்தா ராத்திரி செரிக்கிற சூட்டுலயே தூங்கும், ஆனா சோளத்தையே சாப்பாடா ஆக்கிட்டா கொழுப்பு வெச்சு முட்டை கொறையும். இறகு கொட்டுற கோழிக்குப் புரதம் வேணும், நெத்திலித் தலைய வீசாம உப்பு போக நல்லா ஊற வெச்சுக் குடுங்க.

மழை மாசத்துல குஞ்சு எச்சத்துல ரத்தம் பாத்தா அது ஈரத்துல வளர்ற ரத்தக்கழிச்சல், மஞ்சள், சின்ன வெங்காயம் வெச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க, அன்னைக்கே தனியாப் பிரிச்சு கால்நடை இலாகாவுலயோ மருந்துக் கடையிலயோ கேட்டு மருந்து வாங்குங்க. வெள்ளக்கழிச்சல் தடுப்பு மருந்து மழைக்கு முன்னாடியே போட்டுடணும், வந்த பிறகு அதுக்கு வைத்தியம் கெடையாது.

மழையில மாட்டி முழுசா நனைஞ்ச கோழியா இருந்தா பழைய துண்டால ஒத்தி எடுங்க, எதிர் இறகுல தேய்க்காதீங்க, அப்புறம் அட்டைப் பெட்டியில போட்டு அடுப்படிப் பக்கம் வெச்சிருங்க, இறகு அடி வரைக்கும் காஞ்ச பிறகுதான் மத்ததுங்களோட விடணும்.