ரவுட்டர் இல்லாமல் ஒரே கேபிளில் இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்புகளை மாற்றுவது

பழைய கணினியில் இருந்த 400 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் புதிய மடிக்கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ 32 ஜிபி பென் டிரைவ். நிரப்பு, கழற்று, மாட்டு, கொட்டு என்று மூன்று நடை போனதிலேயே அலுத்துவிட்டது. போதாததற்கு 6 ஜிபி வீடியோ ஒன்றை அந்த பென் டிரைவ் ஏற்கவே மாட்டேன் என்றது. ஃபேட்32 வடிவில் இருக்கும் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. சரி, வைஃபையில் அனுப்பலாம் என்று பார்த்தால், மீதி நேரம் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் இழுப்பறையில் சும்மா கிடந்த நெட்வொர்க் கேபிள் ஞாபகம் வந்தது. அதை இரண்டு கணினிகளிலும் நேரடியாகச் செருகி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வேலையை முடித்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். நீங்களும் தொலைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

1. கேபிள்

சாதாரண நெட்வொர்க் கேபிளே போதும். கேட்5ஈ அல்லது கேட்6 என்று உறையில் அச்சிட்டிருக்கும். பழைய பாடங்களைப் படித்தவர்கள் ‘கிராஸ்ஓவர் கேபிள் வேண்டுமே’ என்பார்கள். ஒரு காலத்தில் வேண்டியிருந்தது உண்மை. இந்தப் பக்கம் அனுப்பும் கம்பி அந்தப் பக்கம் வாங்கும் கம்பியில் போய்ச் சேர வேண்டும் என்பதால், கேபிளுக்குள்ளேயே அவற்றை மாற்றிக் கட்டியிருப்பார்கள். இன்றைய கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) போர்ட்டுகள் எந்தக் கம்பி எது என்பதைத் தாங்களே கண்டுபிடித்து மாற்றிக்கொள்கின்றன. இதற்கு ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்று பெயர். இரண்டில் ஒரு கணினிக்கு இந்த வசதி இருந்தாலே போதும். இரண்டுமே மிகப் பழையவையாக இருந்தால் மட்டும் கிராஸ்ஓவர் தேடுங்கள்.

மடிக்கணினியில் நெட்வொர்க் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டராகவே வாங்குங்கள், அதை யுஎஸ்பி 3 துளையிலேயே செருகுங்கள். யுஎஸ்பி 2 துளையில் செருகினால் வேகம் பாதிகூடத் தேறாது.

செருகியதும் போர்ட் பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். சில மடிக்கணினிகளில் விளக்கே கிடையாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

2. இரண்டுக்கும் முகவரி கொடுப்பது

வீட்டில் ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுக்கிறது. இங்கே ரவுட்டர் இல்லை. அதனால் கணினி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானாகவே சூட்டிக்கொள்ளும். அதை வைத்தும் வேலையை முடிக்கலாம். ஆனால் அடிக்கடி மாறக்கூடிய நீள எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. நாமே கொடுத்துவிடுவது நல்லது.

கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்று போங்கள். ஈதர்நெட் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் திறந்து, இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். புதிய செட்டிங்ஸ் திரையிலும் இதே வசதி இருக்கிறது. ஆனால் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், வீட்டில் அது ரவுட்டர்தான்) பெட்டியைக் காலியாக விட்டால் அது சில சமயம் சேமிக்க மறுக்கிறது. பழைய சன்னல் அப்படி அடம் பிடிப்பதில்லை என்பதால் நான் இன்றும் அதைத்தான் திறக்கிறேன்.

பழைய கணினிக்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2. இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் பெட்டிகளைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

ஏன் 50? வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கேபிளுக்கும் அதே வரிசையைக் கொடுத்துவிட்டு வைஃபையையும் இயக்கத்தில் விட்டால், எந்த வழியாகப் போவது என்று கணினிக்கே குழப்பம் வந்துவிடும். வரிசை வேறாக இருந்தால் வைஃபையை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

3. நான் மாட்டிக்கொண்ட இடம்

அடுத்து என்ன, பிங் செய்து, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பி எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பதுதானே? புதிய கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 192.168.50.1க்கு பிங் அனுப்பினேன். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’. நான்கு முறையும் அதே பதில்தான். கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி வேறு கேபிள் மாற்றினேன். பிறகு இன்னொன்று. முகவரியை அழித்துத் திரும்ப எழுதினேன். இரண்டு கணினிகளையும் மறுபடி தொடங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கேபிளில் எந்தக் குற்றமும் இல்லை. கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்’ என்று குறித்து, பப்ளிக் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அதாவது பொது இடத்து வைஃபைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அந்த நிலையில் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள், கோப்புப் பகிர்வையும் மறிக்கிறது, பிங்கையும் மறிக்கிறது. கதவு இருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார், திறக்கத்தான் மாட்டேன் என்கிறார்.

இதை அன்றே கண்டுபிடித்திருக்கலாம். பிங் சொன்ன பதிலிலேயே துப்பு இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், அந்த முகவரியில் யாருமே கண்ணில் படவில்லை என்று பொருள்: கேபிளையோ முகவரியையோ பாருங்கள். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால், பெரும்பாலும் எதிர்க் கணினியைக் கண்டுபிடித்தாயிற்று, அது பதில் சொல்லவில்லை என்று பொருள்: ஃபயர்வாலைப் பாருங்கள். ஒரே கேபிளில் இருக்கும் கணினிகள் முதலில் ஏஆர்பி என்ற முறையில் ஒன்றையொன்று கூப்பிட்டு அடையாளம் தெரிந்துகொள்கின்றன. அந்த அழைப்பை விண்டோஸ் ஃபயர்வால் மறிப்பதில்லை. அதனால்தான் இந்த இரண்டு பதில்களுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

தீர்வு என்ன? பலர் ஃபயர்வாலையே அணைக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து, பப்ளிக், பிரைவேட் என்று தேர்வு காட்டினால் பிரைவேட் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், எந்தப் பிரிவில் இருக்கிறீர்களோ அந்தப் பிரிவில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். பிரைவேட் தேர்வே காட்டாவிட்டால் பப்ளிக் பிரிவிலேயே தற்காலிகமாக ஆன் செய்துகொள்ளலாம். கோப்பு கொடுக்கும் கணினியில், அதாவது பழையதில், இதைச் செய்தால் போதும். செய்துவிட்டு மறுபடி பிங் அனுப்பினால் பதில் வரும். எனக்கு வந்தபோது மணி இரவு பதினொன்று.

4. ஃபோல்டரைப் பகிர்வது

எந்தக் கணினியில் பகிர்வது? என் வழக்கம், பழையதில் பகிர்ந்து புதியதிலிருந்து இழுத்துக்கொள்வது. பழையதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் தவறான சன்னலில் டெலீட் அழுத்தினாலும் மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பழைய கணினியில் இதற்கென்றே ஒரு புதிய பயனர் கணக்கு தொடங்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ். மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்று பொருள்படும் வரியை அழுத்தி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சிறிய பெயர் ஒன்றும், கட்டாயம் ஒரு பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாதபடிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது.

இருக்கிற கணக்கையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்க பின் எண்ணைத் தட்டினேன், ஏற்கவில்லை. பத்து முறை தட்டியிருப்பேன். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். கேபிள் வழியாக வருபவரிடம் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். அது என்ன என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. புதிய கணக்கு தொடங்குவது ஐந்து நிமிட வேலை, இந்தச் சிக்கலே வராது.

இப்போது ஃபோல்டர் மீது வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், ஷேரிங், ஷேர். புதிய பயனர் பெயரைச் சேர்த்து ரீட் உரிமை கொடுங்கள். பக்கத்திலேயே அட்வான்ஸ்டு ஷேரிங் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதன் வழியாகப் போனால் வட்டில் உள்ள உரிமைகளைத் தனியாகத் திருத்த வேண்டும், புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஃபோல்டருக்குள் ஏராளமான கோப்புகள் இருந்தால் உரிமை பதியச் சற்று நேரமாகும். உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். சி டிரைவ் முழுவதையும் பகிரவும் வேண்டாம், வேண்டிய ஃபோல்டர் மட்டும் போதும்.

5. இழுப்பது

புதிய கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். தொடக்கத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள், முன்சாய்வு அல்ல. புதிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஃபோல்டர் தெரியும். இடப்பக்கம் நெட்வொர்க் பட்டியலில் கணினி பெயர் தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பெயர் வழியாகப் போனால் இணைப்பு வைஃபையில் போய்விடவும் கூடும். முகவரி வழியாகப் போனால் கேபிளில்தான் போகும்.

நகலெடுக்கத் தொடங்கியதும் டாஸ்க் மேனேஜரில் ஈதர்நெட் வரைபடத்தைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் பெரிய கோப்புகள் நொடிக்கு 110 எம்பி அளவில் ஓட வேண்டும். 400 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 11 எம்பியில் நின்றுவிட்டால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதே வேலைக்குப் பத்து மணி நேரம் ஆகும். கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். முனையை அழுத்திச் செருகிப் பாருங்கள், இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் எந்தக் கேபிளிலும் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. 7-ஜிப் என்ற கோப்புகளைக் கட்டும் மென்பொருளில் ‘ஸ்டோர்’ முறையில், அதாவது சுருக்காமல், ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புவது நல்லது. படங்களையும் வீடியோக்களையும் மறுபடி சுருக்குவதில் பயன் ஒன்றும் இல்லை.

நகலெடுக்க நான் டெராகாப்பி என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். நடுவில் நிறுத்தித் தொடரலாம், முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கவும் செய்யும். ஒன்றும் நிறுவப் பிடிக்காதவர்களுக்கு விண்டோஸிலேயே ரோபோகாப்பி இருக்கிறது, ஆனால் கட்டளை தட்டப் பழக வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் இரண்டு கணினிகளும் தூங்கப் போகாதபடி ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ ஆக்கிவிடுங்கள். மூடியை மூடாதீர்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டதை வைத்துச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதல் முறை தவறான பெயர் கொடுத்துவிட்டு, பிறகு சரியான பெயர் கொடுத்தாலும் மறுக்கிறதா? ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து அந்த முகவரிக்கான பதிவை நீக்கிவிட்டு, கணினியை ஒரு முறை மறுபடி தொடங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பழைய கணினியின் பெயர், ஒரு பின்சாய்வு, அதன் பின் பயனர் பெயர் என்று சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு முனையும் சாதாரண யுஎஸ்பி செருகியாக இருக்கும் கேபிளை வைத்துச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுக்கும் துளைகள், போர்ட் பழுதாகலாம். கோப்பும் போகாது.

மேக் என்றால் கேபிளுக்கான ஐபி முகவரியை நெட்வொர்க் அமைப்பில் கொடுத்துவிட்டு, ஃபைண்டரில் கோ மெனுவில் ‘கனெக்ட் டு சர்வர்’ வழியாக விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழையலாம். லினக்ஸில் ஐபிவி4 பகுதியில் மேனுவல் தேர்ந்தெடுத்து அதே எண்களைக் கொடுத்தால் போதும். இரண்டுமே லினக்ஸ் என்றால் பகிர்வெல்லாம் எதற்கு, எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை ஓட்டிவிடுங்கள். பாதியில் அறுந்தாலும் ஏற்கனவே போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்பும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு பகிர்வை நீக்கி, பப்ளிக் பிரிவில் ஆன் செய்ததை ஆஃப் செய்து, புதிய பயனர் கணக்கை அழித்து, இரண்டிலும் ஐபி முகவரியைத் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை நான் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே மடிக்கணினியை ரவுட்டரில் கேபிள் போட்டு இணைத்தபோது இணையம் வரவில்லை. அன்றைக்கும் முதலில் கேபிளைத்தான் மாற்றினேன்.